அம்மாவின் முகம் விற்கும் கடை

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து இலவசமாக சிம் கார்டு கொடுத்த ஒருவன், அடையாள அட்டையைக் கையில் பிடிக்கச் சொல்லி அம்மாவைப் படமெடுத்துப் போனான். சில மாதம் கழித்து, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பொலிஸார் கூட்டிப்போனார்கள். இணையத்தில் மறைவாக நடக்கும் ஒரு சந்தையில் யாரோ அந்தப் படத்தை வாங்கி, அம்மா பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, போதைப்பொருள் விற்ற பணத்தை அதில் வாங்கியிருந்தார்கள்.

விசாரித்துவிட்டு அம்மாவை விட்டார்கள். வாசலில் அதிகாரி, அம்மாவுக்குப் புரியாத சிங்களத்தில் என்னிடம் மட்டும் சொன்னார்: "அந்தப் படம் இன்னும் அங்கே விலைக்கு இருக்கிறது. எங்களால் அழிக்க முடியாது."

பஸ்ஸில் அம்மா கேட்டார். "ஏம்புள்ள, என் படத்த வித்த அந்தக் கடைய மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்கம்மா."

அம்மா நிம்மதியாகக் கண்ணயர்ந்தார். இப்போதும் அவர் தூங்கும் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதை எந்த ஊரில் யார் விலை பேசுகிறார்களோ என்றுதான் தோன்றுகிறது.