இரண்டு மணி நேரப் போர்வை

எவ்வளவு நேரம் தாங்கினால் போதும்? சலவைக்கடை அக்கா, தீ தாங்கும் வெள்ளிநிறப் போர்வைத் துண்டின் உள்ளிருந்து ஒரு வெள்ளை இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். கடைக்கு எந்தத் துணி வந்தாலும் இதுதான் வழக்கம். காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி, முடி கருகுகிற வாடை வந்தால் பட்டு. கொண்டுவருகிறவர் சொல்வதை அவர் நம்புவதில்லை, மூக்கைத்தான் நம்புவார்.

இன்று மூக்கும் கைவிட்டது. தீத்தடுப்புப் பொருள் விற்கும் கடைக்காரர் கொடுத்தனுப்பிய மூன்று மாதிரித் துண்டுகளின் இழைகளும் சிவந்து, ஆறி, பழையபடி வெள்ளையாகவே நின்றன. வாடையே இல்லை.

"எரியாத மூணுல எது அதிகமா எரியாதுன்னு மோந்து பாக்கிறியாக்கா?" என்று உள்ளறைக் கட்டிலிலிருந்து தம்பி கேட்டான்.

"வாயை மூடிட்டுக் கிடடா. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூடான காற்றுக்குழாய் கடைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அவன் அறை வழியாகத்தான் வெளியே போகிறது. அவனால் எழுந்து நடக்க முடியாது. வேறு அறைக்கு மாறச் சொன்னால் ஜன்னலை விட்டு வரமாட்டான்; தெருவில் போகிறவர்களை வம்புக்கு இழுப்பதுதான் அவன் உத்தியோகம். போன மாதம் குழாய்க்குள் படிந்த பஞ்சு கருகி அறையெல்லாம் புகை. பக்கத்துக் கடைத் தையல்காரர் ஓடிவரும்வரை அக்காவால் அவனைக் கட்டிலின் விளிம்புக்குக்கூட நகர்த்த முடியவில்லை. அதனால்தான் அந்தக் குழாயைச் சுற்றிக் கட்ட இப்போது போர்வை தேடுகிறார்.

அக்கா துணிச்சல்காரி அல்ல. தெளிவானவர் என்றும் சொல்வதற்கில்லை. ஒரு சட்டைக் கறையை நாள் கணக்கில் முறைத்துக்கொண்டிருப்பவர். மாதிரிகளோடு மறுபடியும் அந்தப் போர்வைக் கடைக்குப் போனார்.

"இது அரை மணி நேரம் தீயைத் தாங்கும்மா. இது ஒரு மணி நேரம். இது ரெண்டு மணி நேரம்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள எல்லாரும் வெளிய வந்துடுவாங்கல்ல?"

"எங்க வீட்ல ஒருத்தன் வரமாட்டானே."

கடைக்காரர் பேச்சை மாற்றினார். "போர்வை மட்டும் பத்தாதும்மா. சுவர்ல குழாயைச் சுத்தி இருக்கிற இடைவெளியையும் தீ தாங்குற பூச்சு வச்சு அடைக்கணும். எல்லாம் சேர்ந்துதான் அந்த ரெண்டு மணி நேரம்."

"அப்ப தாங்கறது போர்வையா, பூச்சா, சுவரா?"

"எல்லாந்தான்."

எதுவும் தனியாகத் தாங்காது. சேர்ந்தாலும் ஓர் அளவுக்குத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிடிபடவில்லை.

கடைசியில் இரண்டு மணி நேரப் போர்வையே வந்தது. வேலையாள் வந்து குழாயில் போர்வையைச் சுற்றி, சுவர் இடைவெளியை அடைத்து, உலோகப் பட்டையால் இறுக்கிவிட்டுப் போனான்.

அன்று மாலை அக்கா மாடியறையிலிருந்த தன் கட்டிலைக் கழற்றி ஒவ்வொரு சட்டமாக இறக்கினார். தம்பியின் அறையில், அவனுக்கும் குழாய் வரும் சுவருக்கும் நடுவே அதைப் பூட்டினார்.

"ரெண்டு மணி நேரம் தாங்கும்னு சொன்னாங்களேக்கா? இப்ப எதுக்கு இது? உன் குறட்டையை நான் எத்தனை மணி நேரம் தாங்கறது?"

அக்கா தலையணையைத் தட்டிப் போட்டு, அவன் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.