வெள்ளிப் பாத்திரமும் பிளாஸ்டிக் கப்பும்

எங்கள் சபையில் முன்னால் பெஞ்ச், பின்னால் பாய். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆசிரியைகள், நர்சுகள், கமிட்டிக்காரர் வீட்டார் பெஞ்சில். நாரணாபுரத்தில் ஆபீஸ் என்று சொல்லும் பட்டாசு ஆலைகளில் வேலை செய்கிற பெண்கள் பாயில். மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சரசம். முதலில் பெஞ்ச் எழுந்துபோய் முழங்காலிட்டுக் குடிக்கும், அப்புறம் பாய். பாயின் கடைசி ஆள் குடிப்பதற்குள் பெஞ்ச் மதியக் குழம்பைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கும்.

நான் பெஞ்சுக்காரி. பி.எட். முடித்து சபையின் பள்ளியில் வேலை கிடைத்ததும் ஏறி உட்கார்ந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா பாயில் உட்காருகிறவர். மாலையில் வேலைவிட்டு வந்ததும், நான் சமைத்து முடிக்கும்வரை என் ஏழு மாத மகளை இடுப்பில் வைத்துக்கொள்வார். தூக்கும் முன் எங்கள் வீட்டுக் குழாயில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவார். நான் சொன்னதில்லை. நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் மட்டும் எவ்வளவு கழுவினாலும் போகாது.

காய்ச்சல் பரவிய மாதத்தில் எனக்குப் பயம் பிடித்தது. எல்லாரும் வாய் வைக்கும் பாத்திரம். ஏதாவது தொற்றி பிள்ளைக்கும் வந்துவிட்டால்? எல்லாருக்கும் தனித்தனிச் சின்னக் கப் வைக்கலாமா என்று போதகரின் மனைவியிடம் கேட்டேன். எல்லாருக்கும் என்றுதான் சொன்னேன். சொன்னேனா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

மறுவாரம் சபைச் செயலாளர் அறிவித்தார். சுகாதாரம் கருதி, டீச்சர் ஒருவர் கேட்டுக்கொண்டபடி, பின்னால் இருப்பவர்களுக்கு பிளாஸ்டிக் கப். முன்னால் இருப்பவர்களுக்கு வழக்கம்போல் வெள்ளிப் பாத்திரம்.

வெளியே வந்ததும் அவரை மறித்தேன். "சார், நான் எல்லாருக்கும்னுதான கேட்டேன்?"

"எல்லாருக்கும் ஒரே திராட்சரசந்தானம்மா! அவுக பட்டாசு மருந்துல வேலை செய்ற சனம். சுத்தம்னு நீங்கதான சொன்னீக? வெள்ளிப் பாத்திரம் நம்ம பெரியவுக வாங்கிவச்சது. அத பீரோவுலயா பூட்டிவைக்க?"

எப்போதும் பெஞ்சுதான் முதலில் குடிக்கிறது. பாயின் எச்சில் பெஞ்சுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இந்தச் சின்னக் கணக்குகூடப் புரியாத மூளைக்குத்தான் நாங்கள் வருடம் தவறாமல் மாலை போடுகிறோம். கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற வசனத்தில் போதகர் பிரசங்கம் செய்தால் செயலாளருக்குக் கண்ணீரே வந்துவிடும். கண்ணைத் துடைக்கத் தனிக் கைக்குட்டை வைத்திருக்கிறார்.

அன்று வீட்டில் பைபிளைத் திறந்து, கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் எழுதிய நிருபத்தைப் படித்தேன். அந்தச் சபையிலும் இதே கூத்துதான். வசதியுள்ளவர்கள் முந்தித் தின்று குடித்துவிடுவார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்பார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அப்போஸ்தலன் வெளுத்து வாங்குகிறான். நற்கருணையில் நாங்கள் வாசிப்பது அந்தத் திட்டுக்கு அடுத்த வசனத்திலிருந்து. திட்டை ஒருமாதமும் வாசித்ததில்லை. எவ்வளவு நாசூக்கான பக்தி!

திங்கள் மாலை அக்கா வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன்.

"என்னக்கா, பிள்ள உங்களத் தேடுது."

"தேடுதா? அதுக்கும் தனியா ஒரு அக்கா வாங்கிக் குடுங்க டீச்சர். பிளாஸ்டிக்குல கிடைக்கும்."

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"நீங்க சொல்லல. ஆனா அவரு அறிவிப்ப வாசிக்கையில பெஞ்சுலதான இருந்தீக? அம்புட்டுப் பேர் முன்னாடி எந்திரிச்சு ஒரு வார்த்த சொன்னீகளா?"

மகள் அவரிடம் தாவினாள். அவர் கையை நீட்டவில்லை. நான் திரும்பி வந்தேன்.

அடுத்த முதல் ஞாயிறு, இடப்பக்கம் மேசையில் பிளாஸ்டிக் கப்புகள் வரிசையாக இருந்தன. பெஞ்ச் எழுந்தது, நான் எழவில்லை. இப்போதாவது எழுந்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், பிள்ளை அழும், முன்வரிசையிலிருந்து மாமியார் திரும்பிப் பார்ப்பார், வேலைக்கு ஏதாவது வருமோ என்று ஆயிரம் யோசனை. பெஞ்ச் குடித்து முடித்ததும் அக்கா பாயிலிருந்து எழுந்து, மேசையைக் கடந்து, வெள்ளிப் பாத்திரத்தின் முன்னால் போய் முழங்காலிட்டார். செயலாளர் மேசைப் பக்கம் கை காட்டினார், இருமினார். அப்போதுதான் நான் பிள்ளையோடு போய் அக்காவுக்கு அடுத்து முழங்காலிட்டேன். முன்னால் அல்ல, பின்னால்.

போதகர் ஒரு கணம் தயங்கி அக்காவுக்குக் கொடுத்தார். விளிம்பைத் துணியால் துடைத்து, சற்றுத் திருப்பி என்னிடம் நீட்டினார். ஜெபிக்க வேண்டிய நேரத்தில் நான் அக்காவின் உதடு பட்ட இடம் எது என்று தேடினேன். செயலாளரை ஏளனம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை? குடித்தேன். எங்களுக்குப் பின்னால் பாய் முழுவதும் எழுந்து வந்தது. பிளாஸ்டிக் கப்பை ஒருவரும் தொடவில்லை.

அன்று மாலை அக்கா வந்தார். குழாயடிக்குப் போகவில்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் மகளைக் கொடுத்தேன். அவள் அவர் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். என் கை தானாக எழுந்தது.

அதற்குள் அவரே விரலை உருவிக்கொண்டார். "சீ, கழுத. வாயில வைக்காத. நீ அடுப்பப் பாரு, பால் பொங்குது."

என்னை டீச்சர் என்று சொல்லவில்லை, நீ என்றார். அடுப்பைப் பார்க்கப் போனேன்.