கடைசிப் பந்தி யாருக்கு?

இன்று எங்கள் ஊர் அம்மன் கோயில் அன்னதானத்தில் ஒரு வாய்ச்சண்டை. போட்டது நான்தான்.

தேங்காய் நார் மில்லில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் என் பக்கத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாற வந்த கொழுந்தன் முறை ஆள் அவர்களைப் பார்த்து, "எந்திரிங்கப்பா, இந்திக்காரய்ங்களுக்குக் கடைசிப் பந்தி" என்றார்.

பிள்ளைகள் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஏப்பா, அவுகளுக்குப் பசியும் கடைசியிலதான் வருமா?"

"நம்ம சனம் மொதல்ல சாப்பிடட்டும் அத்தாச்சி. இவய்ங்க எங்கேருந்தோ வந்தவய்ங்க."

"என் மவனும் எங்கிட்டோ போனவன்தான். குவைத்துல அரபிக அவனை 'இந்தி'ன்னுதான் கூப்பிடுறாக. இந்தியாக்காரன் யாரா இருந்தாலும் அவுகளுக்கு இந்திதான். நம்ம பயலுக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. அவனையும் அங்கிட்டு எலையிலேருந்து எழுப்பிவிடச் சொல்லவா?"

அவர் சோற்று வாளியோடு அடுத்த இலைக்கு நகரப் பார்த்தார்.

"இவுக எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன். எலை போட்டு எழுப்புறதை ஆத்தா உள்ளேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கா."

மூன்று இலைக்கும் சோறு விழுந்தது.

சுதந்திர தினத்துக்கு வாசலில் கொடி கட்டச் சொல்லி எங்கள் எல்லோருக்கும் வாட்ஸப் அனுப்பியவரும் இவர்தான். அந்தக் கொடி எந்த ஊர் எல்லை வரைக்கும் செல்லும் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.