இரு கையாலும் வாங்கிய துப்பாக்கி

நடந்தது இதுதான்:

1. ஆப்பிரிக்காவில், போராளிகள் ஆயுதம் ஒப்படைக்கும் முகாம் ஒன்றில் சர்வதேச அமைதிப் படைக்காக வேலை செய்கிறேன். வரும் துப்பாக்கிகளைச் சோதிப்பது என் பொறுப்பு.
2. கொண்டு வருபவர் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும். கைக்குக் கை மாறக் கூடாது.
3. அன்று வரிசையில் வந்தவருக்கு என் அப்பாவின் வயதிருக்கும். துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். பெரியவர்கள் நீட்டுவதை இரு கையாலும் வாங்கியே எனக்குப் பழக்கம். வாங்கிவிட்டேன்.
4. உள்ளே ரவை இருந்தது. குழல் என் வயிற்றுக்கு நேரே இருந்தது.
5. காவலுக்கு நின்ற வீரர்கள் அவரைக் குப்புறத் தள்ளிக் கைகளைக் கட்டி வாகனத்தில் ஏற்றினார்கள். வேலிக்கு வெளியே நின்ற அவர் மனைவி வாகனத்தின் பின்னால் ஓடினார்.
6. மறுநாள் எனக்கு விடுமுறை தொடங்கியது. இத்தாலியில் அம்மா இருக்கும் பலேர்மோவுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் இதில் எதையும் சொல்லவில்லை. லிபெர்த்தா தெருவில் வயதான ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலியச் சீமாட்டியை, பராமரித்துவிட்டு, பஸ் பிடித்து பிரான்காச்சோவில் உள்ள வீட்டுக்கு வந்து சேரும்போதே அவர் களைத்திருப்பார். ஒரு மாலை தேநீர் போட்டு என்னிடம் நீட்டினார்.

"மேசையிலை வையுங்கோ அம்மா."

"ஏன், மகாராணிக்குக் கையிலை வாங்கேலாதோ? சிஞ்ஞோராவே இவ்வளவு எடுப்பு எடுக்கிறேல்லை."

சிரித்தபடி சொன்னவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"அங்கை என்னடி நடந்தது?"

சொன்னேன், மேலே எழுதிய அதே வரிசையில். வயிற்றுக்கு நேரே இருந்த குழலுக்காகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"அந்த மனுசன் இப்ப எங்கை?"

"தெரியாது."

"பேர் பதிஞ்சனியளோ?"

"மேசையிலை வைச்சால்தான் பதியிறது. அவர் வைக்கேல்லை."

"அப்ப ஆளே வரேல்லையெண்டு நாளைக்குச் சொல்லுவினம்."

போர் முடிந்த நாளில் வன்னியில் அப்பா இராணுவத்திடம் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு அவர்களின் பஸ்ஸில் ஏறியதை அம்மா பார்த்துக்கொண்டு நின்றவர். அப்பாவின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அதன் பிறகு அவரைக் கண்டவர்களும் இல்லை.

"எடு போனை," என்றார் அம்மா.

முகாமில் என்னுடன் வேலை செய்பவளை அழைத்தேன். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தேன். அம்மா கோப்பையைக் கீழே வைக்காமல் நின்றார். ஒருவழியாக எடுத்தவள், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அவள் பேசிய மொழி அம்மாவுக்கு விளங்காது. என் முகத்தையே பார்த்தார்.

"என்னவாம்?"

"பாக்கப் போறாளாம்."

"வைக்காதை. லைனிலையே நில்லு."

நின்றேன். காலடிச் சத்தம், ஒரு கதவு, யாரோ அதட்டும் குரல். பிறகு அவள் வந்தாள்.

இப்போதைய நிலை: அவர் உயிரோடு இருக்கிறார், முகாமின் மறுகோடியில் உள்ள காவல் கொட்டகையில். மனைவியை உள்ளே விடவில்லை, வாசலிலேயே இருக்கிறார். அந்த மனிதர் ஒப்படைக்கத்தான் நீட்டினார், முறையை மீறி வாங்கியது நான் என்று என் மேலதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. அவர் பெயர் இன்னும் பதியப்படவில்லை. விடுமுறை முடியும் முன்பே திரும்பிப் போகிறேன்.