ஹோல்டேன்

மகளின் பொம்மை ரோபோ நேராகப் போய் அரிசி டிரம்மில் முட்டி, முட்டியபடியே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. நிற்கச் சொல்லும் கட்டளையை அவள் கோடிங்கில் சேர்க்க மறந்திருந்தாள்.

எனக்குச் சின்ன வயதுச் சங்ககிரி வீட்டு வாசலின் டீசல் புகை மணத்தது. அப்பா லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று, “வரலாம், வரலாம்” என்று கத்துவது எட்டு வயதில் என் வேலை. அந்தக் குரலை நம்பித்தான் அவர் ஓட்டுவார். அவ்வளவு பெரிய வண்டி என் பேச்சைக் கேட்கிற குஷியில், ஒருநாள் நிறுத்தச் சொல்லும் ‘ஹோல்டேன்’ மறந்துபோனது. பாத்ரூம் சுவர் சரிந்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

“நீ சொல்லாம நான் எப்படிச் சாமி நிறுத்தறது?” என்று அப்பா சிரித்தார்.

இன்று மகள் ரோபோவைத் திட்டினாள். சோபாவிலிருந்த அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார்:

“வண்டிய எதுக்குச் சாமி திட்டறே? உங்கம்மாளாட்டமே நீயும் ஹோல்டேன் சொல்லலையே!”