மூன்று சுண்ணாம்புப் பொட்டு

பெண்கள் கம்பு சுற்றலாமா, குத்துச்சண்டை போடலாமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் நான் கொழுந்து பறித்த தோட்டத்தில், பெரிய கங்காணியிலிருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா வரை எல்லாரும் இதற்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போதே கையில் ஒரு கம்போடுதான் போவோம். மட்டக்கம்பு என்று பெயர். தேயிலைச் செடியின் மேல் அதைக் கிடத்தி, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தை மட்டும் பறிக்க வேண்டும். வருஷம் முழுக்கக் கம்பு எங்கள் கையில். மாரியம்மன் திருவிழாவில் கம்பு சுற்றுவது மட்டும் ஆம்பளைகள். அட, என்ன நியாயமோ!

என் அண்ணன் சிலம்பம் பழகினான். எதிர்க்கம்பு பிடிக்க ஆள் கிடைக்காமல், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் என்னை நிறுத்தி வைத்து ஆடினான். முதலில் நான் அடி வாங்கினேன். பிறகு தடுத்தேன். ஒரு வருஷம் போனதும், உன்னோடு ஆட மாட்டேன் போ என்று கம்பைப் போட்டுவிட்டான். விஷயம் கொழுந்து பறிக்கும் மலைக்குப் பரவியது. "இவளக் கட்டிக்கிறவன் தலையில சும்மாடு கட்டிக்கிட்டுத்தான் தூங்கணும்!" என்று தேயிலை நிரைக்கு நிரை கேலி. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஓர் ஆசை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவையாவது நாலு பேர் பார்க்க ஆடி ஜெயிக்க வேண்டும், இவள் ஜெயித்தாள் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. திருவிழாவின் கடைசி நாள் அம்மன் காலடியில் ஒரு கம்பை வைப்பார்கள். அதை எடுத்துக் கும்பிட்டுக் களத்தில் இறங்குகிறவரை யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. கம்பு நுனிகளில் துணி சுற்றி, கோயிலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பில் முக்கிக் கொடுப்பார்கள். எதிராளியின் உடம்பில் முதலில் மூன்று பொட்டு வைத்தவருக்கு வெற்றி.

அந்த வருஷம் எல்லாரையும் ஜெயித்து நின்றவர் என் அத்தை மகன். எனக்கென்று பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. நான் போய் அம்மன் கம்பை எடுத்தேன். அம்மாவின் கறுப்புக் கம்பளியை உடம்பில் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தேன். சுண்ணாம்பு பட்டால் பளிச்சென்று தெரிய வேண்டும், மறைத்துவிட்டாள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்பதற்காக. என் புத்தியைப் பாருங்கள்.

தப்பு மேளச் சத்தம் நின்றுவிட்டது. "அடிப் பாவி, மானம் போகுதடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மன் கம்பத் தொட்டுட்டா, ஆடிட்டுப் போகட்டும்" என்றார் பெரிய கங்காணி.

ஆடினோம். அவர் தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, விலாவில் ஒன்று. மூன்று வெள்ளைப் பொட்டு. என் கம்பளியில் ஒன்றும் இல்லை.

பெரிய கங்காணிதான் முதலில் சிரித்தார். "மாப்பிள்ள விட்டுக் குடுத்துட்டான்யா! பொம்பள ஒடம்புல எங்கன்னு பொட்டு வைப்பான், பாவம்!" கூட்டமே சிரித்தது. என் கம்பளி சுத்தமாக இருந்ததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. "சொல்லுங்க மச்சான், விட்டா குடுத்தீங்க?" என்று அவரைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்து சிரித்தார். அவருக்குத்தான் பரிவட்டம் கட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்கப்புறமும் கேட்டுப் பார்த்தேன். "ஆமா புள்ள, விட்டுத்தான் குடுத்தேன். கட்டிக்கப் போறவள அடிப்பாங்களா?" என்பார். போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேட்பதையும் விட்டுவிட்டேன். கூடை, குழந்தை, விறகு என்று கிடந்தவளுக்கு அதற்கெல்லாம் தெம்பு ஏது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் குடித்துவிட்டு வந்தார். குழம்பில் உப்பில்லை என்று ஆரம்பித்தது. நானும் சும்மா இருக்கவில்லை, வாய்க்கு வாய் பேசினேன். அவர் மூலையில் இருந்த சிலம்பக் கம்பை எடுத்தார். கதவோரம் சாய்ந்திருந்த என் மட்டக்கம்பை நான் எடுத்தேன். தோளுக்கு வந்ததைத் தடுத்தேன். இடுப்புக்கு வந்ததைத் தடுத்தேன். மூன்றாவது அடியில் மட்டக்கம்பு முறிந்தது, ஆனால் அடி என்மேல் விழவில்லை. தூளியில் பிள்ளை வீரிட்டு அழுதான்.

அவர் கம்பைப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். போதை இறங்கிவிட்டிருந்தது.

"நெசமாத்தான் அடிச்சேன் புள்ள."

"தெரியும்."

"அன்னைக்கும் நெசமாத்தான் அடிச்சேன். ஒண்ணும் உம்மேல விழல. ஊரே விட்டுக் குடுத்தேன்னுச்சு, நானும் அப்படியே நம்பிக்கிட்டேன்" என்று சொல்லி அழுதார்.

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! எனக்குச் சந்தோஷமே வரவில்லை. மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது. பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். மறுநாள் மட்டக்கம்பு இல்லாமல் மலைக்குப் போனதற்குக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வேறு.

அதன் பிறகு அவர் கை ஓங்கவில்லை. அடுத்த திருவிழாவுக்கு நானே கேட்டேன். "என்கிட்ட சொன்னத கோயில்ல வந்து சொல்லுங்க." சரி என்றார். குளித்து, வேட்டி கட்டி, களத்தருகே பெரிய கங்காணிக்கு முன்னால் போய் நின்றார். பக்கத்தில் என் அம்மா இருந்தாள், அண்ணனும் கம்போடு நின்றான்.

அவர் வாயைத் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் குனிந்தார்.

"இத்தன நாளு இல்லாம இப்ப எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேப்பாங்களே புள்ள. என்னன்னு சொல்றது?"

அண்ணனைப் பார்த்தேன். வீட்டில் என்மேல் கம்பு வீசியது தெரிந்தால் அவன் இவர் கையை முறித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அம்மாவோ, கம்பு எடுத்தவளுக்கு இதுதான் கதி என்பாள். மலை முழுக்க அதையே பேசும்.

நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க மச்சான், பிள்ள அழுவான்" என்றேன். நாங்கள் லயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்த வருஷம் ஜெயித்தவனுக்குப் பரிவட்டம் கட்டித் தப்பு அடித்தார்கள்.