எதிரே வருகிற ஆள்

என் அண்ணன் பல் செய்கிறவன். பல் பிடுங்குவது டாக்டர் வேலை. பிடுங்கிய இடத்தில் வைக்க வேறு பல் வேண்டுமே, அதைச் செய்கிறவன். மூன்றாவது மாடியில், லிஃப்டுக்குப் பின்னால், பாதி ஜன்னல் அடைத்த ஒரு லேப். டாக்டர்களிடமிருந்து வாயின் அச்சு ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வரும். கூடவே ஒரு சீட்டு: ஆணா பெண்ணா, வயது என்ன, பல் எந்த வெள்ளை. ஆள் வராது. அண்ணன் மெழுகு வைத்து, வார்த்து, தேய்த்து, மெருகேற்றி அதே பெட்டியில் திருப்பி அனுப்புவான். அந்த நகரத்தில் எத்தனையோ பேர் அவன் செய்த பல்லால் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவனைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை. கூட வேலை செய்கிற இரண்டு பேரும் தூசிக்கு முகமூடி கட்டியிருப்பார்கள். மிஷின் ஓடுகிற சத்தத்தில் பேசவும் முடியாது.

அவனுக்குக் கல்யாணம் ஆகாமல் இல்லை. ஆயிற்று, சில வருஷம் நின்றது, பிரிந்துவிட்டார்கள். யார் மேல் தப்பு என்று கேட்டால் இரண்டு பேருமே “என் மேலதான்” என்பார்கள். அவ்வளவு மரியாதைக்காரர்கள் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது? அண்ணி போன பிறகு சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி மிச்சம். ஒன்றில் அண்ணன் உட்காருவான், இன்னொன்றில் அவன் ஹெல்மெட் உட்காரும்.

நான் அவனுக்கு அடுத்துப் பிறந்தவள், வேறு ஊரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் பேசிக்கொள்வோம். பேசிக்கொள்வோம் என்பது சும்மா பேச்சுக்கு. பேசுவது நான், ‘ம்’ கொட்டுவது அவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவன் மாதிரி. ஊருக்கே பல் செய்கிறவன் தன் பல்லை யாருக்கும் காட்டுவதில்லை என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் ஒரு ‘ம்’தான்.

ஹெல்மெட் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தே வேலை செய்து இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். நகரத்து ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஓட்ட இவனுக்குத் துணிச்சல் ஏது? விசாரித்ததில், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஊர் முடிகிற இடத்தில் மூன்று ஏரிகள் இருக்கின்றன, ஒரு காலத்தில் குடிதண்ணீருக்காக வெட்டியவை, அவற்றைச் சுற்றிக் காட்டுக்குள் ஒரு தார் ரோடு போகிறது என்றார்கள். கார், பைக் எதற்கும் அனுமதி கிடையாது. வாசலில் ஒரு தடுப்புக் கட்டை, ஒரு காவல்காரர். உள்ளே சைக்கிளும் நடக்கிறவர்களும் மட்டும்தான். சக்கரம் உருளுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே கேட்காதாம்.

முதல் நாள் அண்ணன் ஒரு தப்பு செய்தான். தடுப்பைத் தாண்டியதும் எல்லோரும் வலது பக்கம் திரும்புவார்கள். அப்படிப் போனால் ஏரி இடது கைப்பக்கம் வரும், காட்டுக்குள் ஏற்றமும் மெதுவாக ஏறும். இவனுக்கு அது தெரியாது, இடது பக்கம் திரும்பிவிட்டான். ஏற்றத்தில் நாக்கு தள்ளிவிட்டது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. ஊரெல்லாம் ஒரு பக்கமாகச் சுற்ற, இவன் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியதால், அன்றைக்கு ஏரிக்கு வந்த அத்தனை பேரும் இவனுக்கு எதிரே வந்தார்கள். சைக்கிள்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இன்னொரு சைக்கிள் வந்தால் கைப்பிடியிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார்கள், சிலர் சிரிப்பார்கள். ஒருத்தர் விடாமல் இவனுக்கு விரல் தூக்கினார்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. போன் அடித்தது.

“இன்னைக்கு நெறைய பேர் எனக்குக் கை காட்டினாங்க.”

“எதுக்கு? ஏதாவது தப்பா ஓட்டினியா?”

“இல்ல. சும்மா.”

அந்த ‘சும்மா’வில் இருந்த சந்தோஷத்தை நான் அவன் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு பிடிவாதமாக இடது பக்கமே திரும்பினான். லீவு நாள் தவறாமல் போனான். ராத்திரி இரண்டு டயரையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான். அந்த சைக்கிளில் காற்று குறைந்து யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் இப்போது பேசுவது அவன், ‘ம்’ கொட்டுவது நான். யார் வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் சொல்வான். பேர் தெரியாது. தொழில் புத்தி விடுமா, எல்லோரையும் பல்லை வைத்துத்தான் சொல்வான். எத்துப்பல் புது சைக்கிள் வாங்கியிருக்கிறார். தங்கப்பல் இரண்டு வாரமாக இருமுகிறார். பல்செட் தாத்தா மழையிலும் வந்தார், செட் அவருக்குக் கொஞ்சம் லூஸ். அப்புறம் தெத்துப்பல். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மா. சிரிக்கும்போது ஒரு கோரைப்பல் மட்டும் முந்திக்கொண்டு வரும்.

“அது மாதிரி ஒண்ணு செய்யணும்னு உக்காந்தா வராது. தானா மொளச்சாத்தான்” என்பான்.

“பேசிப் பாத்தியா?”

“எப்படிப் பேசறது? அவங்க அந்தப் பக்கம் போறாங்க, நான் இந்தப் பக்கம் போறேன்.”

“அப்ப ஒரு நாள் அவங்க பக்கமாப் போயேன்.”

“போனா மூஞ்சி தெரியாதே.”

இவனோடு யார் மல்லுக்கட்டுவது? எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வாரம் முழுக்க ஒருத்தரும் பார்க்காத என் அண்ணனை, வாரத்தில் ஒரு காலை வேளையாவது ஊரே பார்க்கிறது.

போன வருஷம், அண்ணன் மாதிரியே வழி தெரியாமல் இடது பக்கம் திரும்பிய ஒருத்தர், இரண்டாவது ஏரி வளைவில் இன்னொருத்தரோடு நேருக்கு நேர் முட்டிக்கொண்டார். ஒருத்தருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அந்த இரண்டு பேரில் அண்ணன் இல்லை. ஆனால் அடுத்த மாதமே தடுப்புக்குப் பக்கத்தில் போர்டு வைத்துவிட்டார்கள்: சைக்கிள்கள் ஒருவழிப் பாதை, எல்லோரும் வலது பக்கமே திரும்ப வேண்டும். தாரில் வெள்ளை அம்புகள் வேறு. நியாயமான உத்தரவுதான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் எந்தப் புண்ணியவான் யோசனையோ என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அம்பு காட்டிய பக்கமே போயிருக்கிறான். சாயங்காலம் பேசினான், குரலே இல்லை.

“யாரும் கை காட்டல. எப்படிக் காட்டுவாங்க, எல்லாரும் ஒரே பக்கம் போறோம்.”

“அதனால என்ன? இத்தனை வருஷம் பாத்த ஆளுங்கதானே, நீயே பக்கத்துல போய் ஒரு வார்த்தை பேசறது.”

“யார் யாருன்னு தெரியலையே. எல்லாம் முதுகா இருக்கு.”

“முதுகைப் பாத்தா அடையாளம் தெரியாதா?”

“முதுகுல பல்லு இல்லையே” என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

“அவங்களுக்கும் என்னைத் தெரியல. பின்னாடி வந்து மணி அடிச்சாங்க, ஒதுங்கினேன், தாண்டிப் போயிட்டாங்க. அதுல ஒருத்தங்க தெத்துப்பல்லாக்கூட இருந்திருக்கலாம்.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வானிலை பற்றி எதையோ சொன்னேன். அதன் பிறகு அவன் ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்டான். பழைய ‘ம்’ திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் அதுவும் தேய்ந்தது. மனசு கேட்காமல் ரயிலேறிப் போனேன்.

வீட்டில் சைக்கிள் மேல் ஒரு போர்வை போர்த்தியிருந்தது. ஹெல்மெட் அலமாரிக்குள் போய்விட்டது. மேஜையில் இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. அதில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் தட்டுக்கு அவனே பரிமாறினான், “உப்பு சரியா இருக்கா?” என்று மட்டும் கேட்டான்.

சனிக்கிழமை காலை, எனக்கு ஏரியைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அவனை நடத்தியே கூட்டிப் போனேன். தடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குடிதண்ணீர்க் குழாய், ஒரு பெஞ்சு. ஒரு சுற்று முடித்த மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயில் பாட்டிலுக்குத் தண்ணீர் பிடித்தான்.

“நம்ம எதிர்க்கட்சி என்ன ஆனாரு?” என்றார் ஒருவர்.

“போர்டு வெச்சதிலேருந்து ஆளையே காணோம். எல்லாருக்கும் எதிர்ப்பக்கம் போய்ப் போய்ப் பழகினவரு, கோவிச்சுக்கிட்டாரோ என்னமோ.”

“உடம்பு சரியில்லாம இருக்கப் போகுதுங்க” என்றது ஒரு பெண் குரல். “அந்த ஏத்தத்துல மூச்சு வாங்கிக்கிட்டு வருவாரு. இருந்தாலும் விரலைத் தூக்காம போக மாட்டாரு. அவரைப் பாத்தாத்தான் எனக்கு ஞாயித்துக்கிழமைன்னே தோணும்.”

நான் திரும்பிப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய நரை முடி. பேசி முடித்துச் சிரித்தபோது ஒரு கோரைப்பல் முந்திக்கொண்டு வந்தது.

அண்ணனின் பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எல்லாம் அவன் காதில் விழுந்துவிட்டது. திரும்பு, ஒரே ஒரு தடவை திரும்பு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து, சுத்தமாக இருந்த பாட்டிலைக் கழுவ ஆரம்பித்தான். அவர்கள் தோலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள்.

“ஏன் திரும்பல?” என்று சத்தம் போட்டேன்.

“திரும்பி என்ன சொல்றது?”

“நான்தான் உங்க எதிர்க்கட்சின்னு சொல்றது. வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். “எதிர்ல வந்தாத்தான் அவங்களுக்கு என்னைத் தெரியும். இப்படி நின்னா நான் யாரோதானே.”

திரும்பும்போது அந்த போர்டுக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் படித்தான். பிறகு காவல்காரரிடம் போனான்.

“நடந்து போறவங்களும் இந்தப் பக்கம்தான் போகணுமா?”

“நடக்கறவங்க எந்தப் பக்கம் வேணா போகலாம் சார். சைக்கிளுக்குத்தான் ரூல்.”

“சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்தா?”

காவல்காரர் இவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று கேட்பது போல என்னைப் பார்த்தார். “தள்ளினா அது நடக்கறதுதான் சார். ஆனா நல்லா இருக்கற வண்டியை எதுக்குத் தள்ளணும்?”

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் போர்வையை எடுத்தான், சைக்கிளைத் துடைத்தான், ஹெல்மெட்டை மாட்டினான். தடுப்பைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். முதல் ஏரி முடிகிறவரை நானும் கூட நடந்தேன். நடக்கிற மனுஷனுக்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் அவர்களுக்கு அடையாளம் தெரியாது.

முதலில் எதிரே வந்தது பல்செட் தாத்தா. அண்ணன் இரண்டு விரலைத் தூக்கினான். தாத்தா தூக்கவில்லை, பிரேக் பிடித்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரைக் கண்டால் என்ன ஏது என்று கேட்காமல் தாண்டக் கூடாது என்பது அவர்களுக்குள் இன்னொரு பழக்கமாம்.

“அட, நீங்களா! என்ன, பஞ்சரா?”

“இல்லைங்க.”

“செயின் கழண்டுடுச்சா?”

“இல்லைங்க. சும்மாதான்.”

“சரி சரி, பாத்துப் போங்க” என்று தாத்தா மிதித்துப் போய்விட்டார். எத்துப்பல் நின்றார், தங்கப்பல் நின்றார், இதே கேள்வி, இதே பதில். எனக்கு முழங்கால் வலித்தது, திரும்பிவிட்டேன்.

அண்ணன் மத்தியானம்தான் வீடு வந்தான். கால் வீங்கியிருந்தது. வாளியில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

“எல்லாரும் நின்னாங்க” என்றான். “தெத்துப்பல்கூட நின்னாங்க. பஞ்சரான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். போயிட்டாங்க.”

“பின்ன, உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்களா?”

சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. அவன் வாளிக்குள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று ராத்திரி நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் எடுப்பதற்குள் அவனே போன் செய்தான்.

“இன்னைக்கு பஞ்சர்” என்றான். குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

“ஐயையோ. எங்க?”

“பின் சக்கரம். ரெண்டாவது ஏரிகிட்ட. நாலஞ்சு பேர் நின்னாங்க. தெத்துப்பல் மத்தவங்களை அனுப்பிட்டு, நான் பாத்துக்கறேன்னு உக்காந்துட்டாங்க. ட்யூபைக் கழட்டி, ஏரித் தண்ணியில முக்கி, கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிப் பாத்தாங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவங்க பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவங்களாம். வீட்ல தனியாத்தான் இருக்காங்களாம்.”

“உன் பம்ப் என்ன ஆச்சு? எப்பவும் வண்டியிலேயே இருக்குமே.”

“வீட்ல வெச்சிட்டுப் போயிட்டேன்.”

என் அண்ணன் பம்ப்பை மறக்கிறவன் இல்லை. “ஓட்டை எங்க இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“ஓட்டை இல்ல” என்றான்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. ட்யூப் முழுக்க இன்னொரு தடவை முக்கிப் பாத்தாங்க. அப்புறம் மாட்டினாங்க, அவங்க பம்ப்பால காத்தடிச்சாங்க. கையைத் தொடச்சுக்கிட்டு, ‘அடுத்த ஞாயித்துக்கிழமையும் பஞ்சர் ஆகுமா?’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ஆகும்னேன்.”